பேர் இருக்கிற பக்கம்

வடக்கனந்தல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மெடிக்கலில் அம்சவள்ளி பன்னிரண்டு வருஷமாக வேலை பார்த்துவந்தாள். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டு மூன்று வருஷம் சண்டை போட்டாள். ஸ்டூல் வந்த அன்றே அதன்மேல் இருமல் மருந்துப் பெட்டியை ஏற்றி வைத்தார்கள். பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்படிப்பட்ட பொம்பளை. படிப்பு பத்தாவதுதான், ஆனால் எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள்.

அந்தக் கடையை ஊருக்குத் தெரியவைத்தது செட் மாத்திரை. டாக்டர் சீட்டெல்லாம் வேண்டாம். உடம்பு வலி, ஒரு செட் குடு என்றால் போதும், நாலு அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். நாலில் ஒன்று மிளகளவு வெள்ளை மாத்திரை. அது உள்ளே போனால்தான் மறுநாள் கரும்பு வெட்டப் போக முடியும் என்று சனம் சத்தியம் செய்யும். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி சிவசங்கர் ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் கொடுத்தார். வெள்ளை மாத்திரை அட்டையில் பேர் அச்சடித்த பக்கம் கடையை விட்டு வெளியே போகக் கூடாது. பேர் தெரிந்தால் சனம் வேறு கடையில் வாங்கிக்கொள்ளும், அதற்காகத்தான் சொல்கிறார் என்று இவள் நினைத்துக்கொண்டாள். வியாபாரம்தானே!

வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவர் அம்மாசி. கல்வராயன் மலை அடிவாரத்தில் மரவள்ளி மூட்டை ஏற்றுகிற கூலி, ஐம்பத்தைந்து வயது, இரண்டு முட்டியிலும் வலி. வாரத்துக்கு ஏழு செட், மூன்று வருஷமாக. முதலில் வந்தபோது ஒட்டிய கன்னமாக இருந்தவருக்குப் போகப் போக முகம் உருண்டு பளபளத்தது. இவளே கிண்டல் செய்திருக்கிறாள், "இன்னாண்ணே, தெனம் மாமியார் வூட்டு விருந்தா?" என்று. அவரும் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரிப்பார்.

இப்படி இருக்கையில் சிவசங்கருக்கு ஓர் ஆசை வந்தது. பயிற்சி பெற்ற ஊழியர் என்று ஒரு சான்றிதழைக் கடைச் சுவரில் மாட்ட வேண்டும். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மெடிக்கல் ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. போ, பிரியாணி போடுவார்கள், சாப்பிட்டுவிட்டு சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடு என்று அனுப்பினார்.

பிரியாணிக்குப் பிறகு பாதி மண்டபம் தூங்கி வழிந்தபோது, பாடம் எடுத்த ஜெயசுதா மேடம் திரையில் ஒரு முகத்தைக் காட்டினார். உருண்டை முகம், பளபளக்கும் கன்னம். செட்டில் போடுகிற அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு, அதைச் சீட்டில்லாமல் வருஷக்கணக்கில் தின்றவர் முகம் அது என்றார். அம்சவள்ளி திரையையே பார்த்தாள். அது அம்மாசி இல்லை, யாரோ. ஆனால் அம்மாசியேதான்! எண்பது பேர் நடுவில் எழுந்து நின்றாள்.

"மேடம், தெனம் ஒண்ணுன்னு மூணு வருஷம் குடுத்துக்கினு இருந்தா இன்னா ஆவும்?"

தூங்கியவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள். செட் கட்டாத கை அங்கே எத்தனை இருந்திருக்கும்! மேடம் பூசி மெழுகவில்லை. எலும்பு உள்ளுக்குள் அரிக்கும், சர்க்கரை ஏறும். பட்டென்று நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து, டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அதற்கு மாத்திரையின் பேரும் அளவும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார். பேர் இருக்கிற பக்கத்தை ஏன் கடையிலேயே வைத்துக்கொள்கிறார்கள் என்று அப்போதுதான் அம்சவள்ளிக்கு விளங்கியது. அது டாக்டர் கைக்குப் போனால் கடை மாட்டிக்கொள்ளும். திரும்பி வருகிற பஸ்ஸில் முதலில் அவமானமாக இருந்தது. ஊர் வருவதற்குள் அது கோபமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அம்மாசி வந்து ஏழு செட் கேட்டார். இவள் கத்தரிக்கோலைத் தொடவில்லை. இனிமேல் செட் கிடையாது, இன்றைக்கே கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். வலி எனக்கா உனக்கா என்று அவர் எகிறினார். இவள் ஒரு தாளை எடுத்தாள். இந்த மாத்திரை, தினம் ஒன்று, மூன்று வருஷமாக, டாக்டர் சீட்டு இல்லாமல், இந்தக் கடையில் கொடுத்தது என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். இழுப்பறையில் கிடந்த பேர் உள்ள அட்டைத் துண்டை அதோடு சேர்த்துப் பின் அடித்தாள். அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

கல்லாவிலிருந்து சிவசங்கர் எட்டிப் பார்த்தார். படித்ததும் முகம் சுண்டிப்போயிற்று. "கடைய மூட வெக்கப் பாக்கறியா? டிரெய்னிங்குக்கு அனுப்புனது சர்டிபிகேட்ட செவுத்துல மாட்டறதுக்குத்தான்" என்று தாளைப் பிடுங்கக் கையை நீட்டினார். இவள் அதற்குள் தாளை அம்மாசி பக்கம் நகர்த்திவிட்டாள்.

அம்மாசிக்குப் படிக்கத் தெரியாது. எழுதியதை இவளே படித்துக் காட்டி, உங்கள் முகத்தைப் பார்த்தாலே டாக்டருக்கு விளங்கிவிடும் என்றாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. "அப்ப இது... சத போட்டது இல்லியாம்மா?"

"இல்லண்ணே, வீக்கம். குடுத்தது நான்தான்."

சொல்லும்போது அவள் தலை குனியவில்லை. அம்மாசி தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சி பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். அவர் பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார் சிவசங்கர். அம்சவள்ளி இன்னொரு தாளையும் அதே பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள்.

"எதுக்கு நிறுத்தறீங்கன்னு எழுதி, கீழ ஒங்க கையெழுத்த போட்டுக் குடுங்க சார். நான் போட்டுட்டேன்."

பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். கடை மூடுகிறவரை அந்தத் தாள் வெள்ளையாகவே கிடந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அம்சவள்ளி வந்து ஷட்டரைத் தூக்கினாள். ஸ்டூல்மேல் மறுபடியும் பெட்டியை ஏற்றி வைத்திருந்தார்கள். இறக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதலில் வந்த ஆள் ஒரு செட் கேட்டான். சிவசங்கர் கல்லாவில் குனிந்து எதையோ தேடினார்.

"சீட்டு எங்க?" என்றாள் அம்சவள்ளி.