இடுப்பளவு நீரில் ஒரு கல்லூரித் தேர்வு

காலை 6.10. கொரட்டூரிலிருந்து கிளம்பினேன். செவ்வியல் தமிழ் முதுகலைக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். இயந்திரப் பொறியியல் படித்து, அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றில் மூன்று ஆண்டுகள் தர ஆய்வாளராக இருந்தவள் நான். தவறாகத் தேர்ந்தால், விட்ட வேலையும் திரும்பாது. நூலகம், விடுதி, ஆசிரியர் எண்ணிக்கை, சுவடிப் பயிற்சி, போக்குவரத்து என்று ஐந்து வரிசையில் ஒப்பிட்டிருந்தேன். நகரத்துப் பெரிய கல்லூரி நான்கில் முந்தியது. அம்மாவின் விருப்பமும் அதுவே. சிறிய கல்லூரியோ, சேருமுன் ஒரு வகுப்பைப் பாருங்கள் என்று பழவேற்காட்டுக்கு அழைத்திருந்தது.

பொன்னேரி வரை ரயில்; பிறகு பேருந்தில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். திருப்பாலைவனத்து வயல்களைத் தாண்டியதும் காற்றில் உப்பு ஏறுகிறது. அங்கிருந்து படகுத்துறை இருக்கும் கோட்டைக்குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"எஞ்சினீரு படிச்சிட்டு பாட்டு படிக்கப் போறியா? காட்டுப்பள்ளி துறைமுகத்துல ஆள் எடுக்கறாங்கமா," என்றார், பேச்சுக் கொடுத்து என் விவரம் கேட்டுக்கொண்ட ஓட்டுநர்.

"தெரியும்ணா."

"தெரிஞ்சே போறியா! சர்தான்."

9.30. வகுப்பே படகில்தான்: சிறிய கல்லூரியின் பேராசிரியர் மங்கை, ஆறு மாணவர்கள், நான். பாடம் ஒரு நெய்தல் பாட்டு. கழியில் இறால் பிடிக்கும் பெண்ணிடம் ஒருவன் ஏதேதோ கேட்கிறான். அவள் பதில் சொல்லாமல் தலை கவிழ்கிறாள். நாணம் என்று விளக்கினார் மங்கை.

11.00. ஆழமில்லாத இடத்தில் படகு நின்றது. சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள் சில பெண்கள். நானும் இறங்கினேன். என் வயதிருக்கும் ஒருத்தியிடம், "எத்தனை மணிக்கு வந்தீங்க?" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாவது முறை நிமிர்ந்து, பற்களில் கவ்வியிருந்த ஓலைக்கூடையைக் கையில் எடுத்தாள்.

"வாயில பறிய கட்சினு கீறேன், நீ பாட்டுக்கு கேட்டுனே கீற. காதாலயா பதில் சொல்றது?"

மற்ற பெண்கள் கூடை நழுவாமல் மூக்கால் சிரித்தார்கள். நான் படகைப் பார்த்துக் கத்தினேன்: "மேடம், பாட்டுல அவ தலை குனிஞ்சது வெட்கத்தால இல்லாம இருக்கலாம். வாயில கூடை இருந்திருக்கலாம்!"

"பாட்டுல கூடை எங்க இருக்கு?" என்றான் ஒரு மாணவன்.

"இறால் இருக்கே. எதுல போட்டா?"

மங்கை புத்தகத்தை விரித்து அந்தப் பாட்டை மீண்டும் படித்தார். "இத்தனை வருஷமா நாணம்னே நடத்திட்டேன். நீ சொல்றது வெறும் ஊகம். ஆனா நல்ல ஊகம். முதல் பருவத்துலயே ஆதாரம் தேடு. தப்புன்னு தெரிஞ்சா அதையும் எழுது."

போன வாரம் பெரிய கல்லூரியில் நான் கேட்ட சந்தேகத்துக்கு, "அது தேர்வுக்கு வராதும்மா" என்று பதில் வந்தது. கேட்ட சந்தேகத்தைக் காதுகொடுத்துக் கேட்பார்களா என்பதற்கு என் ஐந்து வரிசைகளில் இடமே வைத்திருக்கவில்லை.

கூடைக்காரியின் பெயர் தேசம்மா. "சும்மா நிக்காத, கைய வுட்டுப் பாரு," என்றாள். முதலில் சேறு வந்தது. அடுத்து ஒரு நண்டு கடித்தது. மூன்றாவது முறை உள்ளங்கையில் இறால் துடித்தது.

"ஏய், புட்சிட்டாடீ!"

மாலை 4.20. கோட்டைக்குப்பம் கரையில் நின்று சிறிய கல்லூரிக்கு உறுதி அனுப்பிவிட்டு அம்மாவை அழைத்தேன்.

"நல்லா யோசிச்சியா?"

"இடுப்பளவு தண்ணியில நின்னு யோசிச்சேன்மா."

"ஈரத்துணியோட பஸ் ஏறாத," என்றாள்.

எங்கள் கொரட்டூரிலும் ஏரி உண்டு. ரயிலிலிருந்து தினமும் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் இறங்கியதில்லை. பழவேற்காட்டை விட்டுக் கிளம்பும்போது என் நகக்கண்களில் சேறு இருந்தது. பொன்னேரி வரை அதைக் கழுவ மனமில்லை.