கிழக்கே திறக்கும் ஜன்னல்

புலம்பெயர்ந்து வந்து கோலியர்ஸ் வுட்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில், அடுத்த அறை உக்ரைனிலிருந்து வந்த நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஒருவருக்கு. ஐம்பதைத் தாண்டிய பெண். கிராமம் கிராமமாகப் போய் சாவு வீட்டு அழுகைப் பாட்டுகளைப் பதிவு செய்திருந்தார். நெட்வொர்க் எஞ்சினியரான நான் அவற்றை ஊர், பாடியவர், யாருக்காகப் பாடியது என்று பிரித்து அடுக்கிக் கொடுத்தேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

அவர் வந்த வாரமே, பதிவுகளைச் சத்தமாகப் போட்டுக் கேட்டபோது, வீட்டுக்கார அன்ரி படியேறி வந்தார்.

“என்ன பிள்ளை, மேல செத்தவீடே நடக்குது? சாவில்லாத வீட்டில ஒப்பாரி வைக்கக்கூடாதெண்டு அவவுக்குச் சொல்லு.”

ஆய்வாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“எங்கள் ஊரிலும் அப்படித்தான். பாடிக் காட்டச் சொன்னால் கிழவிகள் என்னைத் துரத்துவார்கள்.”

அன்றிலிருந்து ஹெட்போனில்தான் கேட்டார். சுவருக்கு அப்பால் ஆள் இருப்பதே தெரியாது.

குளிர் விடாத ஒரு காலையில் அவருடைய அம்மா இறந்த செய்தி வந்தது. சண்டை நடக்கும் பகுதி, போக வழியில்லை. அன்ரியிடம் சொன்னேன்.

“இனி அவ பாடலாம். சத்தமாப் பாடச் சொல்லு.”

ஆனால் அறையில் சத்தமே இல்லை. கதவைத் தட்டினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“பாட்டு வரவில்லை. ‘எந்தப் பக்கம் பார்த்து உனக்காகக் காத்திருப்பேன்’ என்று கேட்டுத்தான் எங்கள் பாட்டுத் தொடங்கும். இங்கே அம்மா எந்தப் பக்கம்?”

ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். போனில் திசைகாட்டியைத் திறந்தேன். அந்த ஜன்னல் பார்த்தது மேற்கு. உக்ரைன் இருக்கும் கிழக்கில் வெறும் சுவர். வீட்டில் கிழக்கே திறக்கும் ஜன்னல் ஒன்றுதான்: கீழே, அன்ரியின் குசினியில்.

போய்ச் சொன்னதும் அன்ரி அடுப்பை அணைத்தார். கழுவாத பாத்திரங்களை ஒதுக்கினார்.

“இண்டைக்கு மீன் மச்சம் ஒண்டும் காய்ச்சேல்லை. பயப்பிடாமல் வரச் சொல்லு.”

ஆய்வாளர் கீழே வந்து ஜன்னலைப் பார்த்து நின்றார். முதலில் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு குரல். ஒரு சொல்லும் விளங்காமல் கேட்டுக்கொண்டிருந்த அன்ரி, அருகில் போய் அவருடைய தோளைக் கட்டிக்கொண்டார். “என்ரை அம்மா…” என்று தமிழில் தானும் தொடங்கினார். அன்ரியின் தாய் ஊரில் இறந்தபோது அவராலும் போகமுடியவில்லை என்பது அந்தப் பாட்டிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு எந்த மொழியிலும் அந்தப் பாட்டுத் தெரியாது. என் அம்மா இருக்கும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் என்று போன் காட்டியது. அதை மூடினேன். மற்ற அறைக்காரர் யாரும் தேத்தண்ணி போட உள்ளே போகாதபடி, குசினி வாசலில் நின்றுகொண்டேன்.