திரையில் எரிந்த விளக்கு

அந்தோணியின் ஒரே மகள் பிரின்சிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனாலும் படித்தாள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையும் வாங்கினாள். சுற்றியிருக்கும் இரும்பு ஆலைகளில் லாரிகளை எடைமேடையில் நிறுத்தி எடை போடுவார்கள் அல்லவா, அந்தக் கணக்கெல்லாம் இவர்கள் சர்வரில்தான் ஏறும்.

அந்த சர்வரோடு பேசுவதற்கு டெர்மினல் என்று ஒரு கறுப்புத் திரை. படம் இல்லை, பொத்தான் இல்லை. இவள் ஒரு கட்டளையை எழுதினால் அது ஒரு வரியில் பதில் சொல்லும். ஹெட்போனில் ஒரு குரல் அந்த வரியைப் படித்துக் காட்டும். கண் உள்ளவர்களுக்கு இருண்டு தெரிந்த அந்தத் திரைதான் பிரின்சிக்கு வெளிச்சம்.

ஆயுத பூஜை கழிந்ததும் அவளை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் வீரராகவன் சொல்லியிருந்தார். அந்தச் செய்தியை அவளைவிட அதிகமாக நெஞ்சில் சுமந்து திரிந்தவன் அந்தோணி. ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ச்சிய கம்பியோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அவன் மார்பு கெட்டுப்போயிருந்தது. இருமினால் வீடே அதிரும்.

"நீ பர்மனென்ட் ஆயிட்டா நான் இந்தச் சூட்டு வேலைய உட்டுட்றேன் பாப்பா. எங்கனா கேட்டாண்ட வாட்ச்மேனா குந்திக்கிறேன்" என்பான்.

ஆயுத பூஜைக்கு ஆபீஸே மணத்தது. பிரின்டர் முதல் காபி மிஷின் வரை சந்தனம், குங்குமம். பக்கத்து மேஜை அன்புராஜுக்கு அது போதவில்லை.

"மிஷினுக்கெல்லாம் பொட்டு வெக்கிறோம், சாஃப்ட்வேரு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றவன், டெர்மினலையே ஜோடித்துவிட்டான். வண்ண வண்ணக் கட்டங்கள். மூலையில் எழுத்துக்களாலேயே செய்த ஒரு குத்துவிளக்கு. அதன் சுடர் நிஜம் போலவே அசைந்தது. வீரராகவன் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தீபாவளி வரிக்கும் எரியட்டும்பா. யாரும் கை வெக்காதீங்க."

"பிரின்சி, உன் ஸ்க்ரீன்லயும் வெச்சிட்டேன். ஓரவஞ்சனை கெடையாது!" என்று அன்புராஜ் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

விடுமுறை முடிந்து வந்து ஹெட்போனை மாட்டியவள் திடுக்கிட்டாள்.

"ஸ்லாஷ்… பார்… பேக்ஸ்லாஷ்… ஸ்லாஷ்… பார்…"

சுடர் என்று மற்றவர்கள் ரசித்தது, மாறி மாறி வரும் சாய்கோடும் நேர்கோடும்தான். ஒவ்வொரு அசைவையும் புதுச் செய்தி என்று நினைத்து அந்தக் குரல் ஓயாமல் படித்தது. நடுவே சர்வர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை.

'அன்புண்ணா' என்று கூப்பிட வாய் திறந்தாள். அப்போது, வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. "நாம வேதக்காரங்க. அவங்க சாமி விஷயத்துல வாயத் தொறக்காத பாப்பா. படைச்சா துன்னு, பொட்டு வெச்சா வெச்சிக்கோ."

விளக்கை அணைக்கச் சொல்வதா? அதுவும் இவளா?

தானாகப் படிக்கும் குரலை நிறுத்திவிட்டாள். அதன்பின் அவள் கீயை அழுத்திக் கேட்கும் வரியை மட்டுமே அது படித்தது. அடிவரியை மட்டும் கேட்டுக் கேட்டு வேலையை ஓட்டினாள்.

சர்வரில் அதுவரை ஏறிய கணக்கை அழித்து இடம் உண்டாக்குவது வழக்கமான வேலை. முதலில் நகல் எடுக்க வேண்டும், பிறகே அழிக்க வேண்டும். அன்று நகல் எடுப்பது பாதியில் பழுதாகிவிட்டது. முன்பென்றால் அது ஒரு வரியாக வந்து காதில் விழுந்திருக்கும். இப்போதோ அன்புராஜின் ஜோடனையில் அது திரையின் மேலே ஒரு சிவப்புக் கட்டமாக மின்னியது. அடிவரியில் 'தொடரலாமா?' என்று மட்டும் இருந்தது. பிரின்சி 'ஆம்' என்று அடித்தாள்.

போயிற்று! உள்ளே வந்து இன்னும் வெளியேறாத லாரிகளின் எடைகூட மிஞ்சவில்லை. ஆலை வாசல்கள் அடைபட்டன. லாரிகள் ஹைவே வரை நின்று ஹாரன் அடித்தன. மாலைவரை எல்லோரும் எடைச் சீட்டுகளைப் பார்த்துக் கணக்கைத் திரும்ப அடித்தார்கள்.

மகளை அழைத்துப்போக வந்த அந்தோணி, மேனேஜர் அறை வாசலிலேயே கைகட்டி நின்றான்.

"செவப்பு பொட்டி உனக்குத் தெரியாது, சரி. வாய்ஸ் சொல்லியிருக்குமே?" என்று கேட்டார் வீரராகவன்.

"வாய்ஸ நிறுத்தி வெச்சிருந்தேன் சார்."

"ஏன்?"

"அந்த வெளக்கு சார்… ஓயாம பேசுது."

"இன்னாம்மா, சாமி வெளக்கு மேல பழி போட்றியா?"

"பிரின்சி! வாய மூடு!" அந்தோணி பதறினான். "கண்ணில்லாத பொண்ணு சார், மன்னிச்சிடுங்க…"

அறையில் நின்றிருந்த அன்புராஜ் அவள் மேஜைக்குப் போய் ஹெட்போனை மாட்டிக் குரலைத் திறந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் அதைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தவன் முகம் வெளிறியிருந்தது.

"மண்டைய பொளக்குது சார்." பிறகு அவளிடம், "ஏன் புள்ள, மொதல்லியே சொன்னா இன்னா? நான் இன்னா கடிச்சித் துன்னுடுவேனா?" என்றான்.

"சொல்லியிருந்தா, வேதக்காரப் பொண்ணு, அதான் வெளக்க அணைக்கச் சொல்லுதுன்னு ஒருத்தர்கூட நெனைச்சிருக்க மாட்டீங்களா அண்ணா?"

அன்புராஜ் தலை குனிந்தான். கடைசியில் வீரராகவன், அவளுக்கென்று ஜோடனையில்லாத டெர்மினலை அன்புராஜ் எழுதித் தர வேண்டும் என்றார். அதுவரை அவள் அழிக்கும் வேலையைத் தொடக்கூடாது. நிரந்தரம் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அடுத்த வருஷம்! அந்தோணியின் இருமல் அந்த அறையில் வெகுநேரம் கேட்டது.

வண்டியில் போகும்போது அவன் குமுறினான். "வாயத் தொறக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"தொறக்காததாலதான் நைனா போச்சு" என்றாள் அவன் முதுகில் முகம் புதைத்து.

மறுநாள் அந்தோணி வழக்கம்போல் கைக்குச் சாக்குத்துணி சுற்றிக்கொண்டு சூட்டு வேலைக்குப் போனான்.

அந்த வாரமே புது டெர்மினல் வந்தது. விளக்கு இல்லை, கட்டம் இல்லை. ஆபீஸே அவள் மேஜையைச் சுற்றி நின்றது. அன்று மேனேஜர் அறையில் அவள் கேட்டதற்குப் பிறகு யாரும் அவளோடு முன்போல் பேசுவதில்லை. ஆனால் பார்க்க வந்திருந்தார்கள். பிரின்சி ஒரு கட்டளையை எழுதிக் காது கொடுத்தாள். நகல் எத்தனை சதவீதம் முடிந்தது என்பதை அது ஒவ்வொன்றாக, மூச்சு விடாமல் எண்ணிக்கொண்டிருந்தது.

எல்லோரும் 'நல்லாருக்கு' என்ற வார்த்தைக்குக் காத்திருந்தார்கள்.

"சரியில்ல அண்ணா" என்றாள் உரக்க. "எண்ணிக்கினே இருக்குது. முடிஞ்சா முடிஞ்சிச்சு, கெட்டா கெட்டுச்சு, அத மட்டும் சொல்லச் சொல்லு."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாக விலகின. ஒரு நாற்காலி மட்டும் தரையில் உரசி அவள் பக்கம் வந்தது.

"எந்த எடத்துல எண்ணுது? இன்னொரு தபா போடு, நானும் கேக்குறேன்" என்றான் அன்புராஜ்.