நேசம்மாள் அடுக்கிய நூடுல்ஸ்

டைபாய்டு காய்ச்சல் விட்டபோது இஸ்ரவேல் பாதி ஆளாகத்தான் மிஞ்சியிருந்தான். கோவில்பட்டியில் பருத்தி லாரி ஓட்டுகிறவன் அவன். "காரமும் எண்ணெயும் ஆகாது. கோழிச்சாறு கொடுங்க, மெதுவா ஏதாவது சாப்பிடட்டும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆனால் கஞ்சிக் கிண்ணத்தைக் கண்டாலே அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

லாரி முதலாளி அழகிரிசாமி ஒருநாள் வந்து பார்த்தார்.

"மாசக் கடைசியில லோடு ஏத்துதோம்ப்பா. கிளட்ச மிதிக்கத் தெம்பு இருந்தா வண்டி ஒனக்குத்தான். இல்லேன்னா கயத்தாத்துக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

அவர் போனதும் இஸ்ரவேல் தன் குச்சிக்காலைப் பார்த்தான்.

அவன் மனைவி நேசம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. "வாய்க்கு என்னதான் வேணும்? சொல்லுங்க."

"கல்கத்தாவுல சீனாக்காரங்க கடையில கோழி போட்டு நூடுல்ஸ் தின்னேன். அதக் கொண்டா, திங்குதேன்" என்றான், வம்புக்கு.

"அது எப்படி இருக்கும்?"

"நூலு மாதிரி நீளமா இருக்கும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது."

அவள் அதை வம்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பு மாவைப் பிசைந்து, இடியாப்ப உரலில் போட்டு, கொதிக்கிற கோழிச்சாற்றிலேயே நேராகப் பிழிந்தாள். எல்லாம் கரைந்துவிட்டது.

"ஏட்டி, இது கம்மங்கூழு. கோழி வழி தப்பி வந்து விழுந்திருக்கு" என்றான் இஸ்ரவேல். பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் ரேஷன் கோதுமையை அரைத்து, முட்டை உடைத்து ஊற்றிப் பிசைந்தாள். இழை அறுபடாமல் வந்தது. ஆனால் சுளகில் விழுந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிச் சாணி உருண்டை போல ஆகிவிட்டது.

நேசம்மாளுக்குத் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிற வேலை. மரச்சட்டத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சியை வைக்க வேண்டும். இரண்டு குச்சி தொட்டுக்கொண்டால் மருந்தில் முக்கும்போது தலைகள் ஒட்டிப் போகும். அன்றைக்கு அடுக்கிக்கொண்டிருந்தவளின் கை சட்டென்று நின்றது. பிழிந்த பிறகு பிரிக்கப் பார்த்ததுதானே தப்பு! விழும்போதே தனித்தனியாகப் படுக்க வைத்தால்?

சாயங்காலம் வந்ததும் கட்டிலில் வெள்ளை வேட்டியை விரித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்து, விழுகிற இழைகளை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு வரிசையாகக் கிடத்தினாள். பழகிய விரல்கள் பறந்தன.

"ஏட்டி நேசம், மாவுலயும் கட்டை அடுக்குதியா? லேபிள் ஒட்டிருவ போலருக்கே!" என்றாள் ஆவுடைத்தாய்.

"ஒட்டுனா மொதப் பெட்டி ஒங்களுக்குத்தான் மைனி."

கரிசக்காட்டு அனல்காற்றில் இழைகள் சீக்கிரமே விறைத்துக்கொண்டன. நாட்டுக்கோழியை எலும்போடு தட்டி, சின்ன வெங்காயம், பேருக்கு நாலு மிளகு, சீரகம் போட்டு வேகவைத்தாள். மேலே மிதந்த கொழுப்பைக் கரண்டியால் வழித்தாள். நூடுல்ஸைத் தனியாக வேகவைத்து, வடித்து, சாற்றில் சேர்த்து, கடைசியாக ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை தூவினாள்.

இஸ்ரவேல் ஓர் இழையைத் தூக்கிப் பார்த்தான். அது தனியாக, நீளமாக வந்தது. உறிஞ்சினான். இன்னொன்றை உறிஞ்சினான். கிண்ணம் காலியாகும்வரை தலை நிமிரவில்லை.

"இன்னும் இருக்காட்டி?"

காய்ச்சலுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது அதுதான் முதல்முறை. நேசம்மாள் அடுப்பைப் பார்க்கத் திரும்புகிறவள் போல முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதன்பிறகு தினம் சாயங்காலம் கட்டிலில் வேட்டி விரிந்தது.

மாசக் கடைசியில் அழகிரிசாமி வந்தபோது இஸ்ரவேல் இரண்டாவது கிண்ணத்தில் இருந்தான்.

"இத முடிச்சிட்டு வாரேன் அண்ணாச்சி. நீங்களும் ஒரு வாய் பாருங்க."

அவர் ஒரு வாயோடு நிறுத்தவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கயத்தாத்துக்காரனுக்கு வேற வண்டி பாக்கச் சொல்லிருதேன்" என்று சாவியை நீட்டினார்.

மறுநாள் பகலில் பருத்தி லோடு ஏற்றிய லாரி ஒன்று தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அதன் கேபினில் ஒரு துணிப்பை நிறையக் காய்ந்த நூடுல்ஸ் இருந்தது. பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவியதான்" என்றாள் நேசம்மாள். கை மட்டும் அடுக்கிக்கொண்டே இருந்தது.