வெள்ளத்தில் பிடித்த சீமைக்கருவேலம்

சீமைக்கருவேலத்தை என்னைப்போல் வெறுத்தவள் ஓட்டப்பிடாரம் பக்கத்தில் இருந்திருக்க மாட்டாள். எங்கிருந்தோ வந்த மரம், எங்கள் உவர் மண்ணுக்கும் மழையில்லாத வருடங்களுக்கும் உள்ளூர் மரங்களைவிட நன்றாகப் பழகிக்கொண்டது. எங்கள் பருத்திக்காட்டு ஓரத்தில் நின்றதைப் பலமுறை வெட்டியும் தூரிலிருந்து தழைத்து மறுபடி பெரிதாகிவிட்டது.

பெருமழை பெய்த ஒரு காலையில் நானும் என் அண்ணன் மனைவியும் காட்டில் கட்டியிருந்த ஆடுகளை அவிழ்த்துவிடப் போனோம். மேலே குளம் உடைந்தது எங்களுக்குத் தெரியாது. மார்பளவு தண்ணீர் வந்து எங்களை உருட்டியது.

“ஏளா, மரத்தப் பிடி! கை கிழிஞ்சாலும் விட்டுராத!” என்று மதினி கத்தினாள்.

பிடித்தேன். உள்ளங்கையில் முள் ஏறியது. பக்கத்தில் நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்து போனது, இது அசையவில்லை. ஊர் ஆட்கள் கயிறு கட்டி இழுக்கும்வரை இருவரும் அதிலேயே தொங்கினோம். ஆடுகள் போய்விட்டன. நாங்கள் பிழைத்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகு காடெங்கும் அதன் கன்றுகள் முளைத்தன. வெள்ளமே அதன் நெற்றுகளைச் சுமந்துவந்து விதைத்திருந்தது. மதினி ஜேசிபிக்குச் சொல்லிவிட்டாள்.

“அந்த ஒண்ண மட்டும் விட்டுருவோம் மதினி” என்றேன்.

“ஏளா, எனக்கு மட்டும் மனசில்லையா? அத விட்டா நம்ம வெள்ளாமைய விட்டுர வேண்டியதுதான்.”

அவள் சொன்னது சரிதான். நானும் தலையாட்டினேன். ஆனால் இயந்திரம் தூரைத் தோண்டத் தொடங்கியதும் அங்கே நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போதும் கன்றுகளைப் பிடுங்குகிறேன். பழைய வெறுப்புதான் வர மறுக்கிறது. அந்த வெறுப்பு இருந்தவரை இந்த வேலை எவ்வளவு எளிதாக இருந்தது!