இரண்டு விரல் இறக்கம்

முப்பத்தோரு வருடம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அலுவலகத்தில் அவருக்கு ‘இன்னொருதடவை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் லிஃப்டை மேலே அனுப்பிக் கீழே இறக்குவார்; எல்லாம் சரியாக இருக்கும்; காகிதத்தை நீட்டினால் பேனாவைத் திறக்காமலே, “இன்னொரு தடவை” என்பார். கட்டிடக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் பொத்தானை அழுத்துவார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையை வீட்டில் இருக்கும் பழைய அட்டையோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் தன்னையும் அப்படித்தான் பார்த்தார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். அவள் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தவள். விண்வெளி பற்றி எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் அவள் படித்துவிட்டுத்தான் அடுக்கில் வைப்பாள்.

அவளுக்காகத்தான் அந்தப் பயணமே. மகள் வேலை பார்க்கும் நிறுவனத்தில் குடும்பத்தோடு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய்வர அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். அந்தப் பூங்காவில் ‘நாளைய உலகம்’ என்று புதிதாக ஒரு பகுதி திறந்திருந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கும் என்று மகளுக்குத் தெரியும். அப்பாவுக்குப் பிடிக்காது என்பதும் தெரியும். ஆனாலும் மூன்று பேருமாகத்தான் போனார்கள்.

உள்ளே நுழைந்ததிலிருந்தே அவருக்கு எதிலும் நம்பிக்கை வரவில்லை. நிலாவில் உங்கள் எடை எவ்வளவு என்று காட்டும் தட்டில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். இரண்டாம் முறை முந்நூறு கிராம் கூடிவிட்டதே, நான் இதற்குள் என்ன சாப்பிட்டேன் என்று மகளைக் கேட்டார். கேள்விக்குப் பதில் சொல்லும் வெள்ளை ரோபோவின் முதுகுப்பக்கம் போய், உள்ளே ஆள் உட்கார இடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். கடலின் அடியாழத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்று ஓர் அறைக்குள் அடைத்து ஐந்து நிமிடம் குலுக்கினார்கள். வெளியே வந்ததும், அறை ஓரடிகூட இறங்கவில்லை, தரையை மட்டும் ஆட்டுகிறார்கள் என்று சத்தமாகவே சொன்னார். வரிசையில் நின்றவர்கள் அவரை முறைத்தார்கள்.

“அப்பா, எல்லாருக்கும் அது தெரியும்பா. தெரிஞ்சேதான் வர்றாங்க,” என்றாள் மகள்.

மனைவி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பகுதியின் நடுவில் ஒரு வெள்ளைக் கோபுரம். பதினெட்டு மாடி உயரம். அதன் பெயர் ‘விண் ஏணி’. கண்ணாடி லிஃப்டில் ஏறினால், உச்சியில் விண்வெளி நிலையம் போல ஒரு வட்டக் கூடம். சுவரெல்லாம் திரை, திரையெல்லாம் நட்சத்திரம். கோபுரத்துக்குள் படிக்கட்டும் இருந்தது, ஆனால் யாரும் அதைச் சீண்டவில்லை.

மூவரும் லிஃப்டில் போனார்கள். இது ஆடும் தரை இல்லை, உண்மையான லிஃப்ட்தான் என்று கிளம்பிய கணமே அவர் கால் சொல்லிவிட்டது. உச்சிக்குப் போய் நின்றது. நின்ற பிறகு லேசாகக் கீழே இறங்கி, பிறகு சரிசெய்துகொண்டு மேலே வந்தது. ஏறியிருந்தவர்கள் ‘ஓ’ என்று சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மனைவி நட்சத்திரங்களைப் பார்க்கப் போனாள். அவர் லிஃப்ட் வாசலிலேயே நின்றுவிட்டார். அடுத்த முறை லிஃப்ட் வந்து நின்றபோது, கண்ணாடிக் கதவு வழியாகப் பெட்டியின் விளிம்பையும் கூடத்தின் விளிம்பையும் பார்த்தார். கூட்டம் நிறைய இருந்தது. இரண்டு விரல் இறங்கியது. அதற்கடுத்த முறை ஐந்தே பேர். ஒரு விரலுக்கும் குறைவு. மறுபடி கூட்டம், மறுபடி இரண்டு விரல். குனிந்து, விரலை விளிம்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

“சார், அங்க கை வைக்காதீங்க,” என்றாள் வெள்ளி உடையில் நின்ற லிஃப்ட் பணிப்பெண்.

அவர் தான் யார் என்று சொல்லவில்லை. கடைசியாக பிரேக்கைச் சோதித்தது எப்போது என்று மட்டும் கேட்டார். தினமும் காலையில் சோதிக்கிறார்கள் என்று அவள் மனப்பாடம் போல ஒப்பித்தாள். யார் சோதிக்கிறார்கள், ஆள் ஏற்றியா, காலியாகவா என்று அவர் அடுத்தடுத்துக் கேட்டதும் அவள் முகம் மாறியது. இடுப்பிலிருந்த கருவியில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினாள். சற்று நேரத்தில் ஒரு காவலாளி வந்து அவருக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டார். இவர் லிஃப்டைச் சந்தேகப்பட்டார். அவர்கள் இவரைச் சந்தேகப்பட்டார்கள்.

மகளுக்கு மானம் போயிற்று. ஆனால் அவள் பயந்தது வேறு விஷயத்துக்கு. அப்பாவின் சந்தேகம் வரவர முற்றிக்கொண்டே போகிறதோ, டாக்டரிடம் காட்ட வேண்டுமோ என்று ஒரு மாதமாகவே அவளுக்கு உறுத்தல். அவருக்கும் அது தெரியாமல் இல்லை. அன்று அங்கே நின்றபோது அவரே தன்னைச் சந்தேகப்பட்டார். வயது அறுபத்தாறு. கண்ணில் புரை விழத் தொடங்கியிருக்கிறது. இரண்டு விரல் என்பது நிஜமா, கண் செய்யும் வேலையா?

அவர் முதலிலேயே இப்படி இருந்தவர் இல்லை. வேலையில் சேர்ந்த நாலாவது வருடம், ஒரு துணிக்கடையில் அவசரத்தில் லிஃப்டை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வாரம் அந்த லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நழுவியது. வெளியே கால் வைத்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண்ணின் பாதம் நசுங்கியது. விசாரணையில் பழுது பிறகு வந்தது என்றுதான் எழுதினார்கள். அவர் மேல் குற்றமில்லை. அவர் அந்தத் தாளை நம்பவே இல்லை. மருத்துவமனைக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் இவர் யாரென்று தெரியாமல், கடைக்காரர்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, வேலை போய்விடாதே என்று கேட்டாள். போகாது என்று சொல்லிவிட்டு வந்தார். போனதா இல்லையா என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தபோது மனைவியைக் காணவில்லை. அவள் கீழே போய், மறுபடி வரிசையில் நின்று, இரண்டாம் தடவை ஏறி வந்துகொண்டிருந்தாள். லிஃப்ட் நின்றது. பெட்டி நிறையக் கூட்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அவரைப் பார்த்துக் கையசைத்தாள். அப்படியே பெட்டியோடு சேர்ந்து கீழே இறங்கினாள். அந்தத் தடவை இரண்டு விரலுக்கும் மேலே.

கதவு திறந்ததும் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். பிறகு வாசலின் குறுக்கே நின்றுகொண்டார்.

“இதுல இனிமே யாரும் ஏற வேண்டாம்,” என்றார்.

கூட்டம் முணுமுணுத்தது. காவலாளி தோளில் கை வைத்தார். மகள், அப்பா வந்துடுங்க என்று கெஞ்சினாள். மனைவிதான் குறுக்கே வந்தாள். அவள் காவலாளியிடம் கோபப்படவில்லை. இவரைத் தூக்கிக்கொண்டு போவதென்றால் போங்கள், ஆனால் அதற்கு முன்னால் இயந்திரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள் என்றாள். முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொல்லையோடு குடித்தனம் நடத்தியவள் நான், எனக்கு வித்தியாசம் தெரியும் என்றும் சொன்னாள்.

கால் மணி நேரம் கழித்துப் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் எண்ணெய்க் கறை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

“சார், அந்த இறக்கம் நாங்களே வச்சது. விண்கலம் வந்து நிலையத்தோட ஒட்டுற மாதிரி இருக்கணும்னு மோட்டாரே ஒரு தடவை இறக்கி ஏத்தும். பதினஞ்சு மில்லிமீட்டர்தான். பயப்படவே வேண்டாம்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. மகள் அவர் கையைப் பற்றினாள். அவர் நகரவில்லை.

“வேணும்னே வச்சதுன்னா, எத்தனை பேர் ஏறினாலும் ஒரே அளவுதானேம்மா இறங்கணும்?”

“ஆமா.”

“அஞ்சு பேர் வந்தா ஒரு விரலுக்கும் கம்மி. கூட்டம் வந்தா ரெண்டு விரல். மிச்சம் யார் வச்சது?”

அந்தப் பெண் குனிந்து பெட்டியின் விளிம்பைப் பார்த்தாள். காலையில் சோதிக்கும்போது பெட்டி காலியாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். பிறகு கூட்டத்தைப் படிக்கட்டு வழியாக அனுப்பச் சொல்லிவிட்டு, மணல் மூட்டைகளை வரவழைத்து லிஃப்டில் அடுக்கி, ஆளில்லாமல் மேலும் கீழும் ஓட்டினாள். அவரை உள்ளே விடவில்லை. கீழே ஒரு பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. மகள் தண்ணீர் வாங்கி வந்தாள். அவர் குடிக்காமல் பாட்டிலை உருட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றும் இல்லாமல் இருந்தால் நல்லது என்று ஒரு மனம் சொன்னது. ஒன்றும் இல்லை என்றால் நாளைக்கே டாக்டர்தான் என்று இன்னொரு மனம் சொன்னது.

பராமரிப்புப் பெண் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தாள். பதினெட்டு மாடியும் படியில். அதைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பிரேக்கின் ஒரு பக்கப் பட்டையில் எண்ணெய் கசிந்து ஊறியிருந்ததாம். பாரம் ஏறினால் பிடிக்காமல் நழுவுகிறது. நாற்பது மில்லிமீட்டர் வரை. வேண்டுமென்றே வைத்த இறக்கம் ஒன்று இருந்ததால், தானாக வந்த இறக்கத்தை யாரும் கவனிக்கவில்லை. “அது அப்படித்தான்னு நாங்களும் விட்டுட்டோம் சார்,” என்றாள். குரல் இறங்கியிருந்தது. அவர் அவளைக் குறை சொல்லவில்லை. பொய்யாக ஒரு நடுக்கத்தை வைத்துவிட்டால் உண்மையான நடுக்கம் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும், அந்தப் பதினைந்து மில்லிமீட்டரை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். அவள் குறித்துக்கொண்டாள்.

விண் ஏணி ஒன்பது நாள் மூடியிருந்தது. திறந்தபோது அந்த இறக்கம் இல்லை. பூங்காவின் மேலாளர் நன்றிக் கடிதமும், ஆயுள் முழுக்கச் செல்லும் அனுமதி அட்டை இரண்டும் அனுப்பியிருந்தார். கடிதத்தில் ‘சிறு பராமரிப்புக் குறைபாடு’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். மறு வாரமே பராமரிப்புப் பெண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, புதுப் பட்டையைப் பாரம் ஏற்றித்தான் சோதித்தார்களா, எத்தனை பேர் பாரம், எத்தனை தடவை என்று கேட்டார். அவளும் அலுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அதன் பிறகு மாதம் ஒரு முறை அவளே கூப்பிட்டு அளவைச் சொல்லத் தொடங்கினாள்.

மகள் டாக்டர் பேச்சை எடுக்கவில்லை. கண்ணை மட்டும் காட்டினார்கள். புரைக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

மனைவி அந்த அட்டையோடு போய்க்கொண்டிருக்கிறாள். இதுவரை பதினோரு தடவை மேலே போய்விட்டாள். அவர் கூடவே போவார், ஆனால் ஏற மாட்டார். கீழே பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டி உச்சியை அடைந்து நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.