அலசின புடவை

உழவர்கரையில் அந்த வீட்டுக்கு வாசல் ஒன்று, அடுப்பு இரண்டு. மூத்த மருமகள் மணியம்மாள் கிழக்குப் பக்கம் பொங்குவாள், இளையவள் அஞ்சலாட்சி மேற்குப் பக்கம் பொங்குவாள். நடுக்கூடம் பொது, கொல்லைக் குழாய் பொது. கொல்லையில் இருந்த கீரைப்பாத்தி மட்டும் மணியம்மாளுடையது. அவள் வீட்டுக்காரர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் துர்காவைக் கடலூரில் கொடுத்திருந்தாள். அஞ்சலாட்சியின் புருஷன் கோவிந்தராசு மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர். ஊரில் யார் சண்டையிலும் தலையிட மாட்டார், தன் வீட்டுச் சண்டையிலும் அப்படித்தான்.

ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு நின்றது மாமியாரின் கருமாதி அன்று. அன்றைக்கு மருமகள்களுக்கு அவரவர் பிறந்த வீட்டிலிருந்து தண்ணீரே படாத புதுப்புடவை, கோடிப்புடவை, வரவேண்டும். மணியம்மாளுக்கு அண்ணன்மார் மூன்று பேர். திருபுவனையிலிருந்து வேன் வைத்து வந்து ஜரிகைப் புடவை போட்டார்கள். அஞ்சலாட்சிக்கு இருந்தது நோணாங்குப்பத்தில் ஒரே தம்பி, இராமதாஸ். படகுத்துறையில் கூலி வேலை. அவன் கொண்டுவந்த புடவையைத் தட்டில் வைத்ததும் மணியம்மாள் அதன் முந்தானையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சபை நடுவில் சொன்னாள்:

“அலசி மடிச்சதெல்லாம் இப்ப கோடின்னு வர ஆரம்பிச்சிடுச்சா?”

சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். இராமதாஸ் இலையில் உட்காராமல் பஸ் ஏறிப் போனான். அதற்குப் பிறகு அக்காள் வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை.

அது அலசின புடவைதான். தட்டில் பார்த்தபோதே அஞ்சலாட்சிக்குத் தெரியும். அந்தப் பொங்கலுக்குத் தம்பி பெண்டாட்டி இடுப்பில் அதே புடவையைக் கண்ணால் பார்த்தவள் அவள். தெரிந்தாலும் என்ன? சபையில் விட்ட வார்த்தையை மணியம்மாள் தன் வாயாலேயே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவரை பேச்சில்லை என்று இருந்துவிட்டாள். சின்னவள்தான் முதலில் வாய் திறக்கவேண்டும் என்று மணியம்மாளும் இருந்துவிட்டாள். அப்படியே துர்கா வயசுக்கு வந்தாள், கல்யாணம் ஆகிப் போனாள், பிள்ளை பெற்றாள்.

பேச்சில்லை என்றால் வீட்டில் சத்தமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. குழாயைப் பார்த்து மணியம்மாள், “தண்ணி நிக்கப் போவுதாம், புடிக்கிறவங்க புடிச்சிக்கலாம்” என்பாள். அஞ்சலாட்சி துவைக்கிற கல்லைப் பார்த்து, “மழ வருது, துணி காயப்போட்டவங்க எடுத்துக்கலாம்” என்பாள். கோபம் வந்தால் பாத்திரம் பேசும். டம்ளரைத் தரையில் ணங்கென்று வைத்தால் அது ஓர் ஏச்சு. திரும்பத் திரும்ப வைத்தால் ஏழு தலைமுறைக்கும் சேர்த்து ஏச்சு. கேட்கிறவள் முதுகைக் காட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கவேண்டும், அதுதான் பதில். முகத்தை மட்டும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

மணியம்மாளின் குரல் பெரிய மார்க்கெட்டில் பேர் போனது. “அரக்கீரே, மொளக்கீரே” என்று அவள் எடுத்தால், மீன் பக்கம் பேரம் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேரத்தை நிறுத்துவார்கள். சுனாமிக்கு முந்தின வருஷம் அந்தக் குரல் கம்மியது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று பனங்கற்கண்டைப் போட்டு அடக்கினாள், சித்தரத்தையை மென்றாள். இடுப்பில் செருகிய புகையிலைப் பொட்டலத்தை மட்டும் விடவில்லை. எச்சிலில் ரத்தம் வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். குரல்வளையில் புற்று, குரல்வளையோடு எடுக்கவேண்டும், எடுத்தால் ஆள் பிழைக்கலாம், குரல் பிழைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

கூட யார் இருப்பது? துர்கா கைக்குழந்தையோடு வந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மாமியார் போன் போட்டதும் போய்விட்டாள். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்பது கோவிந்தராசுக்கு வசதியாகிவிட்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை. அஞ்சலாட்சி ஒயர்கூடையில் இரண்டு புடவையையும் ஒரு பிளாஸ்க்கையும் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பின்னால் ஏறினாள். பரிதாபப்பட்டுப் போனாள் என்று தெருவில் சொன்னார்கள். பரிதாபம் எதுவும் அவளுக்கு வரவில்லை. குரல் போவதற்குள் அந்த வார்த்தை திரும்பி வருமா, வராதா? அவளுக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

வார்டில் குழாயும் இல்லை, துவைக்கிற கல்லும் இல்லை. சிவசங்கரி என்ற நர்ஸ் அகப்பட்டாள். “இட்லி தொண்டைல எறங்கலன்னு சொல்லும்மா” என்று மணியம்மாள் அவளிடம் கரகரப்பாள். “கரைச்சிக் குடுத்தா எறங்குமான்னு கேளும்மா” என்று அஞ்சலாட்சி அவளிடமே சொல்வாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் ஊசி டிரேயை மேசையில் வைத்தாள்.

“ஒரே கட்டில்ல ரெண்டு பேரும் உக்காந்துகினு எங்கிட்ட சொல்றீங்களே, நான் என்னா டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?”

பக்கத்துக் கட்டில் நோயாளிகள்கூடச் சிரித்தார்கள். இவர்கள் இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் அதே சிவசங்கரி வந்து, யாரிடமாவது பேசவேண்டும் என்றால் இன்றைக்கே பேசிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மணியம்மாள் எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போய்த் துர்காவிடம் பேசினாள். பிள்ளைக்கு மொட்டை போடச் சொன்னாள், ஊறுகாய் ஜாடியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னாள். அண்ணன் ஒருவரிடம் பேசினாள். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அஞ்சலாட்சி கீழே பாயில் உட்கார்ந்து காத்திருந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தார்கள். வார்டு காலியானது. மணியம்மாள் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துச் சொன்னாள்:

“கீரப்பாத்திக்கு ஒரு நாள் உட்டு ஒரு நாள் தண்ணி காட்டணும். காட்டறவங்க காட்டலாம்.”

அஞ்சலாட்சி பிளாஸ்க்கைப் பார்த்து, “காட்டுவாங்க” என்றாள்.

அவ்வளவுதான். இருந்த குரலில் இவள் பங்குக்கு வந்தது அது. காலையில் மணியம்மாளின் மூக்குத்தியையும் தோட்டையும் கழற்றி அஞ்சலாட்சியின் முந்தானையில் முடிந்துகொள்ளச் சொன்னார்கள். முடிந்துகொண்டாள். ஸ்டிரெச்சர் உள்ளே போனது, கதவு சாத்திக்கொண்டது. அஞ்சலாட்சிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. கேன்டீனில் டீ குடித்தாள். சர்க்கரை போட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மணியம்மாள் கழுத்து ஓட்டை வழியாகத்தான் மூச்சு விட்டாள். ஓட்டையில் வெள்ளைக் குழாய், அதற்குள் இன்னொரு சின்னக் குழாய். சளி கட்டினால் உள்குழாயை உருவிக் கழுவி மறுபடி போடவேண்டும். சாப்பாடு மூக்கில் விட்ட டியூபில். எல்லாவற்றையும் சிவசங்கரி கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். “அவங்க மொகத்தப் பாத்துகினே இருக்கணும்க்கா, இனிமே கூப்பிட மாட்டாங்க” என்று இரண்டு தரம் சொன்னாள். அஞ்சலாட்சி கை வேலையைக் கற்றுக்கொண்டாள். முகம் பார்க்கிறதைக் கற்றுக்கொள்ளவில்லை.

காயம் சரியாகக் கூடாததால் மூக்கு டியூபோடேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். புண் ஆறியதும் கரண்ட் வைக்க, அதாவது கதிர் சிகிச்சைக்கு, வரச் சொன்னார்கள். அஞ்சலாட்சி இரண்டு அடுப்பில் ஒன்றை அணைத்தாள். கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சித் துணியில் வடிகட்டுவாள், சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவாள், குழாய் கழுவுவாள், பாத்திக்குத் தண்ணீர் காட்டுவாள். எல்லாவற்றையும் கழுத்துக்குக் கீழே பார்த்தே செய்தாள். மணியம்மாளுக்கு எழுதத் தெரியாது, தேவை என்றால் தட்டுவதற்குத் தலைமாட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் கோவிந்தராசு கொண்டுவந்து வைத்தார். வாழ்நாளில் அவர் செய்த ஒரே ஏற்பாடு அது.

ஒருநாள் பகல் பொழுது. அஞ்சலாட்சி கூடத்தில் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் டம்ளர் ணங்கென்றது. காலையில் பாத்திக்குத் தண்ணீர் காட்டத் தவறியிருந்தாள், அதற்குத்தான் என்று நினைத்தாள். மறுபடி ணங்கென்றது. மறுபடியும். பீ மூத்திரம் அள்ளுகிற எனக்கே டம்ளர் போடுகிறாயா என்று, வழக்கப்படி முதுகைக் காட்டிக்கொண்டு துணியைப் பிழிந்தாள். ணங், ணங், ணங் என்று விடாமல் வந்தது. அப்புறம் டம்ளர் உருண்டு ஓடுகிற சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

அந்த ஒன்றும் இல்லாததுதான் அவளைத் திருப்பியது. எந்தச் சண்டையிலும் மணியம்மாள் பாதியில் விட்டவள் இல்லை. உதடு கறுத்து, கண் பிதுங்கி, கை கழுத்துக் குழாயைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அஞ்சலாட்சி கஞ்சித் துணியைப் போட்டுவிட்டு ஓடி உள்குழாயை உருவினாள். காய்ந்த சளி கட்டியாக அடைத்திருந்தது. நிமிர்த்தி உட்காரவைத்து முதுகில் தட்டினாள். ஒரு இருமல் வந்து சுவரெல்லாம் தெறித்தது. மூச்சு உள்ளே போகிற சத்தம் கேட்டது.

இரண்டு கன்னத்தையும் பிடித்து அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள் அஞ்சலாட்சி. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பக்கத்தில் பார்க்கிறாள். கண்ணுக்குக் கீழே இவ்வளவு சுருக்கம் எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

“எதுக்குத் தட்டுனன்னு எனக்குத் தெரியல” என்றாள். சுவருக்கு இல்லை, அவளுக்கே சொன்னாள்.

மணியம்மாள் இளைப்பு அடங்கும் வரை இருந்தாள். பிறகு உதட்டை அசைத்தாள். காற்றுகூட வரவில்லை. அஞ்சலாட்சிக்குப் புரியவில்லை. தண்ணியா, வலியா என்று கேட்டாள். இல்லை என்று கையை ஆட்டிவிட்டு, மணியம்மாள் எதிரே தொங்கிய அஞ்சலாட்சியின் முந்தானையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். அன்றைக்குச் சபையில் பிடித்தது போலவே. பிடித்தபடி மறுபடி மெதுவாக உதட்டை அசைத்தாள். இந்தத் தடவை அஞ்சலாட்சி ஒவ்வொரு அசைவாகப் பார்த்தாள்.

“ஒந்தம்பி கொண்டாந்தது புதுசுதான்.”

இதற்குத்தான் காத்திருந்தாள். வந்தால் உள்ளே ஏதாவது உடையும், அழுவோம், அல்லது நாலு வார்த்தை திருப்பிக் கேட்போம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. கை மட்டும் ஈரமாக இருந்தது. உள்குழாயைக் கழுவிக் கொண்டுவந்து பொருத்தினாள், நாடாவைக் கட்டினாள். கொஞ்ச நேரம் போகட்டும் என்று சுவரைத் துடைத்தாள். பிறகு மிச்சமிருந்த கஞ்சியை வடிகட்டிச் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தாள்.

“அலசுனதுதாங்க்கா அது” என்றாள், முகத்தைப் பார்த்தே. “தலய ஆட்டாத. கஞ்சி எறங்கட்டும்.”